பாலைவழியைத் திட்டமிடுதல்

அமெரிக்காவின் தென்மேற்குப் பாலைநிலத்தில் கார்ப் பயணம் மேற்கொள்ள விரும்பும் இந்தியர் பெரும்பாலும் ஒரே வகையில்தான் தொடங்குகின்றனர். லாஸ் வேகாஸ் நகரில் ஒரு வாடகைக் கார், கையில் ஏழு நாள், திரையில் ஒரு வரைபடம். அதில் சயான், பிரைஸ், ஆர்ச்சஸ், மான்யுமென்ட் வேலி, ஆண்டிலோப் கேன்யன், கிராண்ட் கேன்யன் என்று புள்ளிகள் விழுகின்றன. புள்ளிகளைக் கோட்டால் இணைத்தால் ஏறத்தாழ 1,900 கிலோமீட்டர் நீளமுள்ள வட்டம் கிடைக்கிறது. நாளொன்றுக்கு 270 கிலோமீட்டர். சாலையோ நல்ல சாலை. நம் நெடுஞ்சாலைகளில் வண்டி ஓட்டிப் பழகியவருக்கு இது ஒரு தொலைவே அன்று. திட்டம் முடிந்துவிட்டதாகவே தோன்றும்.

அந்த நிலத்தை அளக்கத் தொலைவைவிடப் பொருத்தமான அளவுகோல் ஒன்று உண்டு. அது நீர். எங்கே நீர் இல்லை, எங்கே அது திடீரென வரும், யாருக்குக் கிடைக்கிறது, யாருக்குக் கிடைப்பதில்லை என்னும் நான்கு வினாக்களைக் கேட்டுப் பார்த்தவரின் வரைபடம் மெல்ல மெல்ல வேறொன்றாக மாறும். சில புள்ளிகள் உதிரும். சில இடங்களில் கூடுதலாக ஓர் இரவு சேரும்.

முதலில் 'பாலைவனம்' என்னும் சொல். அதைக் கேட்டதும் தார்ப் பாலையின் மணற்குன்றுகள் நம் நினைவுக்கு வரும். இங்கே நிலைமை வேறு. லாஸ் வேகாஸைச் சூழ்ந்திருப்பது மொஹாவி பாலை. கைகளை உயர்த்தி நிற்கும் சகுவாரோ கள்ளிகள் தெற்கு அரிசோனாவின் சொனோரன் பாலைக்கு உரியவை. மேற்சொன்ன வட்டத்தில் அவற்றைத் தேடுவோர் ஏமாறுவர். வட்டத்தின் பெரும்பகுதி கொலராடோ பீடபூமியில் அடங்கும். யூட்டா, கொலராடோ, அரிசோனா, நியூ மெக்சிகோ ஆகிய நான்கு மாநிலங்கள் ஒரு புள்ளியில் கூடும் இடத்தைச் சுற்றிப் பரந்துள்ள, மூன்று லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட மேட்டுநிலம் அது. உதகமண்டலத்தின் உயரம் 2,240 மீட்டர். கிராண்ட் கேன்யனின் தென்விளிம்பு ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்திலும், பிரைஸ் 2,400 மீட்டருக்கு மேலும் உள்ளன. பிரைஸில் மே மாதத்திலும் பனி விழுவதுண்டு. கிராண்ட் கேன்யனின் அடியில், ஆற்றங்கரையில், கோடை வெப்பம் 40 டிகிரியைக் கடப்பது வழக்கம். ஒரே பயணத்துக்குக் கம்பளியும் வேண்டும், வெயில் தொப்பியும் வேண்டும்.

தமிழ் மரபு பாலையைப் பற்றிக் கொண்டிருந்த கருத்து இவ்விடத்தில் வியப்பூட்டும் அளவுக்குப் பொருந்துகிறது. பாலைக்கெனத் தனி நிலம் இல்லை. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து வறண்ட நிலையே பாலை என்பது சிலப்பதிகாரம் தரும் விளக்கம். பாலை என்பது நிலத்தின் பெயர் என்பதைவிட நிலத்துக்கு நேர்ந்த நிலை. ஊசியிலைக் காடும் பனியும் உள்ள கொலராடோ பீடபூமியைப் புரிந்துகொள்ளவும் இந்த விளக்கமே உதவுகிறது. எவ்விடத்துக்கு நீர் எட்டவில்லையோ, எவரிடமிருந்து அது திருப்பிவிடப்பட்டதோ, அவ்விடம் பாலையாகிறது.

இனித் தொலைவுக்கு வருவோம். கிராண்ட் கேன்யனின் தென்விளிம்பிலிருந்து வடவிளிம்பு நேர்க்கோட்டில் சுமார் 16 கிலோமீட்டர். எதிர்விளிம்பு கண்ணுக்குத் தெரியும். காரில் சென்றடையச் சுமார் 340 கிலோமீட்டர் சுற்ற வேண்டும். ஐந்து மணி நேரம் ஆகும். நடுவே ஆறு ஓடுகிறது என்பதே காரணம். பேஜ் என்னும் ஊரருகே அணையை ஒட்டிய பாலத்தையும் வெகுதொலைவில் ஹூவர் அணையருகே உள்ள பாலத்தையும் விட்டால், இடையே காரில் ஆற்றைக் கடக்க இருப்பது நவஹோ பாலம் ஒன்றே. 1929இல் திறந்த பழைய பாலம் இன்று நடப்போருக்கு விடப்பட்டுள்ளது. வண்டிகள் 1995இல் கட்டிய புதிய பாலத்தில் செல்கின்றன. வடவிளிம்புச் சாலை குளிர்காலம் முழுவதும் மூடியிருக்கும். 2025 ஜூலையில் மின்னலால் மூண்ட டிராகன் பிராவோ காட்டுத்தீ அங்கிருந்த பழம்பெரும் விடுதியை எரித்து அழித்தது. பழைய பயணக்குறிப்புகளை நம்பி வடவிளிம்பில் இரவு தங்கத் திட்டமிடுவோர் இதை அறிந்திருக்க வேண்டும்.

பெட்ரோலும் இவ்வாறே. யூட்டாவில் 70ஆம் எண் இன்டர்ஸ்டேட் நெடுஞ்சாலையில் கிரீன் ரிவர் என்னும் ஊரை விட்டால் சலைனா வரை சுமார் 170 கிலோமீட்டருக்குப் பெட்ரோல் பங்க் கிடையாது, கடை கிடையாது. 'பாதி டாங்க் குறைந்ததும் நிரப்பு' என்பதே அந்நிலத்தில் ஓட்டுவோரின் விதி.

கடிகாரம் செய்யும் குழப்பம் தனி. நெவாடாவிலிருந்து யூட்டாவுக்குள் நுழைந்ததும் ஒரு மணி நேரம் கைநழுவும். அரிசோனா 1968 முதல் கோடைகால நேரமாற்றத்தைப் பின்பற்றுவதில்லை. ஆனால் அம்மாநிலத்தின் வடகிழக்கில் பரந்துள்ள நவஹோ நிலம் பின்பற்றுகிறது. நவஹோ நிலத்தின் நடுவே தீவுபோல் அமைந்த ஹோப்பி மக்களின் நிலமோ பின்பற்றுவதில்லை. கோடையில் டூபா சிட்டியில் பத்து மணி என்றால், அதை ஒட்டியுள்ள ஹோப்பி ஊரான மோயன்கோப்பியில் ஒன்பது மணி. பேஜில் முன்பதிவு செய்த சுற்றுலாவைத் தவறவிடுவோர் பலருக்கும் கைப்பேசியின் கடிகாரமே பகைவன். முன்பதிவு எந்த நேரத்தின்படி என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்வதே வழி.

நீர் திடீரென வரும் இடங்களை அறியாமல் பருவத்தைத் தேர்ந்தெடுக்க இயலாது. ஜூலை முதல் செப்டம்பர் வரை பெய்யும் இடிமழையை அங்குள்ளோரும் 'மான்சூன்' என்றே அழைக்கின்றனர். அமெரிக்க வானிலைத் துறை 2008 முதல் ஜூன் 15 தொடங்கி செப்டம்பர் 30 வரையிலான காலத்தை மான்சூன் பருவமாக வரையறுத்துள்ளது. நம் பருவமழையைப்போல் நாள்கணக்கில் பெய்வதன்று இது. பிற்பகலில் மேகம் திரண்டு, ஓரிடத்தில் மட்டும் அரைமணி நேரம் கொட்டி ஓயும். பாறையும் இறுகிய மண்ணும் நீரை உறிஞ்சுவதில்லை. விழுந்த நீர் முழுவதும் ஓடைகளில் இறங்கி, இரு பாறைச் சுவர்களுக்கு இடையே ஓர் ஆள் நடக்கும் அகலமே உள்ள இடுக்குப் பள்ளத்தாக்குகளில் சேறும் மரக்கட்டையுமாகப் பாயும்.

1997 ஆகஸ்ட் 12 அன்று ஆண்டிலோப் கேன்யனின் கீழ்ப்பகுதியில் பதினொரு பயணிகள் அத்தகைய வெள்ளத்தில் உயிரிழந்தனர். அவர்கள் நின்ற இடத்தில் பெய்த மழை மிகக் குறைவு. பல கிலோமீட்டருக்கு அப்பால் மேல்நிலத்தில் பெய்ததே அவர்களைத் தேடி வந்தது. இன்று நவஹோ வழிகாட்டி இல்லாமல் அங்கே எவரும் இறங்க இயலாது. மழை அச்சம் இருந்தால் சுற்றுலாவை நிறுத்திவிடுவர். முன்பணம் கட்டிய பயணிக்கு அது எரிச்சலூட்டலாம். தலைக்குமேல் வானம் நீலமாக இருப்பது அங்கே எந்த உறுதியையும் தருவதில்லை என்பதை அறிந்தவர் எரிச்சல் கொள்ளமாட்டார். எந்தப் பள்ளத்தாக்கில் இறங்குவதாயினும், நிற்கும் இடத்தின் வானிலையோடு அந்த ஓடைக்கு நீர் தரும் மேல்நிலம் முழுவதன் வானிலையையும் பார்க்க வேண்டும். சூழ்ந்துள்ள சிறு ஓடைகளையும் வரைபடத்தில் தேடிப் பார்ப்பவரே உண்மையில் திட்டமிடுகிறார்.

நீரின்மை கொல்வது இன்னும் அமைதியாக. ஆளுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ நான்கு லிட்டர் குடிநீர் என்பது பூங்காக்கள் கூறும் பொதுக் கணக்கு. கிராண்ட் கேன்யனில் நடப்போருக்கு மற்றொரு பொறியும் உண்டு. மலையில் ஏறிக் களைத்தவர் திரும்பி இறங்கலாம். இங்கோ இறக்கம் முதலில் வருகிறது. காலைக் குளிர்ச்சியில் இனிதாக இறங்கியவர், களைத்தபின் நண்பகல் வெயிலில் ஏறியாக வேண்டும். ஆறு வரை இறங்கி அன்றே திரும்ப முயல வேண்டாம் என்று பூங்கா எச்சரிக்கிறது. கோடையில் காலை பத்து மணி முதல் மாலை நான்கு மணி வரை பள்ளத்துக்குள் நடப்பதைத் தவிர்க்கவும் சொல்கிறது. உப்பும் உணவும் இல்லாமல் வெறும் நீரை மட்டும் குடித்துக்கொண்டே நடப்பதும் ஆபத்து. உடலின் உப்புச்சத்து குறைந்து மயங்கி விழுவோர் உண்டு. நம் வீட்டுப் பெரியவர்கள் வெயிலில் புறப்படுவோருக்கு உப்பிட்ட மோர் தந்தனுப்பியதன் பொருள் அங்கே நன்கு விளங்கும்.

இவையனைத்தும் தற்காப்பு. பார்க்கச் செல்லும் காட்சிகளும் நீரால் ஆனவையே என்பது அடுத்த படி. பிரைஸில் செந்நிறத் தூண்கள் ஆயிரக்கணக்கில் நிற்கின்றன. பாறை வெடிப்பில் புகுந்த நீர் இரவில் உறைந்து விரிகிறது, பகலில் உருகுகிறது. ஆண்டில் பெரும்பாலான மாதங்களில் நடக்கும் இந்த உறைதலும் உருகுதலும்தான் பாறைச் சுவரைப் பிளந்து தூண்களாக்கின. சயானின் செங்குத்துச் சுவர்களை அறுத்தது வர்ஜின் என்னும் சிற்றாறு. அழகை ஆக்கிய நீரே ஆளையும் அடித்துச் செல்கிறது. தரையில் கருநிறத்தில் பொருக்குத் தட்டியதுபோல் தோன்றும் மண்ணும் வெறும் மண்ணன்று. நுண்ணுயிர்களும் பாசியும் பின்னிய உயிருள்ள மேலோடு அது. கிடைக்கும் சிறிதளவு ஈரத்தைப் பிடித்து வைப்பதும் மண் காற்றில் பறக்காமல் காப்பதும் அதுவே. ஒரு புகைப்படத்துக்காகப் பாதையை விட்டு இறங்கும் காலடி அழித்ததை மீட்க அதற்குப் பல்லாண்டுகள் ஆகும்.

இதுவரை சொன்னவற்றைப் பயணக் கையேடுகளிலும் காணலாம். அவை பெரும்பாலும் விரைந்து கடந்துபோகும் பகுதி ஒன்று உண்டு. மான்யுமென்ட் வேலி, ஆண்டிலோப் கேன்யன் ஆகிய இரண்டும் அமெரிக்கத் தேசியப் பூங்காக்கள் அல்ல. நவஹோ மக்களின் அரசு நடத்தும் பூங்காக்கள் அவை. தேசியப் பூங்காக்களுக்கான ஆண்டு அனுமதிச்சீட்டு அங்கே செல்லாது. தம்மைத் 'தினே' என்று அழைத்துக்கொள்ளும் அம்மக்களின் நிலம் மூன்று மாநிலங்களில் ஏறத்தாழ 71,000 சதுர கிலோமீட்டர் பரந்தது. தமிழ்நாட்டின் பரப்பில் பாதிக்கும் சற்று மேல். 1939இல் வெளிவந்த ஜான் ஃபோர்டின் 'ஸ்டேஜ்கோச்' தொடங்கிப் பல திரைப்படங்கள் மான்யுமென்ட் வேலியை ஆளில்லாப் பெருவெளியாக உலகுக்குக் காட்டின. ஆனால் அங்கே குடும்பங்கள் வாழ்கின்றன, ஆடு மேய்க்கின்றன.

1863, 1864 ஆண்டுகளில் அமெரிக்கப் படை நவஹோ மக்களின் பயிர்களை எரித்தது. கேன்யன் டி ஷே பள்ளத்தாக்கில் அவர்கள் வளர்த்த பீச் பழமரங்களை வெட்டிச் சாய்த்தது. பின்னர் மக்களை நானூறு கிலோமீட்டருக்கும் அப்பால் நியூ மெக்சிகோவின் பாஸ்க் ரெடோண்டோ முகாமுக்கு நடத்திச் சென்றது. வழியிலும் முகாமிலும் மாண்டோர் பலர். முகாமின் நீர் உவர்நீர், பயிர் விளையவில்லை. 1868இல் உடன்படிக்கை செய்துகொண்டு அவர்கள் தம் தாய்நிலத்தின் ஒரு பகுதிக்குத் திரும்பினர். சங்க மரபில் பாலையின் உரிப்பொருள் பிரிவு. இங்கோ ஓர் இனம் முழுவதும் தன் மண்ணைப் பிரிந்து நடந்திருக்கிறது.

அந்த உடன்படிக்கை நீரைப் பற்றியும் ஒரு கேள்வியை விட்டுச் சென்றது. நவஹோ நிலத்தில் ஏறத்தாழ 30 விழுக்காடு வீடுகளுக்குக் குழாய்நீர் இல்லை என்பது பரவலாக எடுத்தாளப்படும் மதிப்பீடு. 1944 முதல் 1986 வரை அந்நிலத்திலிருந்து ஏறத்தாழ மூன்று கோடி டன் யுரேனியத் தாது வெட்டி எடுக்கப்பட்டது. கைவிடப்பட்ட யுரேனியச் சுரங்கங்கள் ஐந்நூறுக்கும் மேல்; கிணறுகள் சிலவற்றில் யுரேனியமும் ஆர்செனிக்கும் கலந்துள்ளன. 1868 உடன்படிக்கையின்படி தங்களுக்கு நீரை உறுதிசெய்ய அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று நவஹோ அரசு தொடுத்த வழக்கில், அவ்வாறான கடமை அரசுக்கு இல்லை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2023 ஜூனில் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது.

அந்நிலத்தின் மேற்கு எல்லையை ஒட்டியே கொலராடோ ஆறு ஓடுகிறது. ஏழு மாநிலங்கள் 1922இல் அதன் நீரைப் பங்கிட்டு ஒப்பந்தம் செய்தன. மேற்படுகைக்கும் கீழ்ப்படுகைக்கும் ஆண்டுக்குத் தலா 75 லட்சம் ஏக்கர் அடி என்பது கணக்கு. அக்கணக்குக்கு அடிப்படையாக அமைந்தவை வழக்கத்துக்கு மாறாக மழை மிகுந்த ஆண்டுகள். பழங்குடி மக்கள் அந்தப் பேச்சுவார்த்தைக்கு அழைக்கப்படவே இல்லை. இன்று ஏறத்தாழ நான்கு கோடிப் பேர் நம்பியிருக்கும் ஆறு, தாளில் எழுதிய அளவுக்கு ஓடுவதில்லை. காவிரி வழக்கைத் தலைமுறைகளாகப் பார்த்து வரும் நமக்குத் தாளில் உள்ள நீருக்கும் ஆற்றில் உள்ள நீருக்கும் இடையிலான வேறுபாட்டை எவரும் விளக்க வேண்டியதில்லை.

பேஜில் இறங்கும் பயணி இந்த வரலாற்றைக் கண்ணால் காணலாம். 1957இல் கிளென் கேன்யன் அணையைக் கட்ட வந்தோருக்காக எழுந்த ஊர் அது. 1963இல் அணை நீரைத் தேக்கத் தொடங்கியது. அவ்வாறு உருவான பவல் ஏரி முதன்முறை நிரம்ப 1980 வரை ஆயிற்று. 2023இன் தொடக்கத்தில், நிரம்பிய காலத்துக்குப் பின் காணாத தாழ்நிலைக்கு அது இறங்கியது. செம்பாறைக் கரையில் நீர் விட்டுச் சென்ற வெண்பட்டையே முன்னைய மட்டத்துக்குச் சான்று. அருகிலுள்ள ஹார்ஸ்ஷூ பெண்ட் வளைவில் ஆறு மரகதப் பச்சையாய் மின்னும். புகைப்படம் எடுக்காமல் திரும்புவோர் அரிது. 'கொலராடோ' என்னும் ஸ்பானியச் சொல்லுக்குச் செந்நிறமானது என்பது பொருள். வண்டல் கலந்து சிவந்து ஓடியதால் வந்த பெயர். இப்போது வண்டல் அணைக்குள் படிந்துவிட, கீழே இறங்குவது தெளிந்த குளிர்நீர். நாம் வியக்கும் பச்சை நிறம் அந்த அணை தந்தது.

வட்டத்தைச் சற்று நீட்ட முடிந்தவர், மோவாபிலிருந்து ஏறத்தாழ 200 கிலோமீட்டரில் கொலராடோ மாநிலத்தின் மேசா வெர்டேயைச் சேர்த்துக்கொள்வது நன்று. மழைநீர் மணற்கல்லில் கசிந்து இறங்கி, கீழே நீர் புகாத களிப்பாறையில் தடைபட்டு வெளியே வந்து பாறையைக் குடைந்தது. அக்குடைவுகளில், ஊற்றுக்கு அருகிலேயே, முன்னோர் கல்வீடுகளைக் கட்டினர். 1300ஆம் ஆண்டளவில் அனைவரும் வெளியேறிவிட்டனர். 1276 முதல் 1299 வரை நீண்ட வறட்சி ஒன்று நிலவியதை மரவளையங்கள் காட்டுகின்றன. வெளியேறியதற்கு வேறு காரணங்களும் இருந்திருக்கும். அவர்கள் மறைந்துபோனதாகச் சொல்வது வழக்கம். அவர்களுடைய வழித்தோன்றல்களான ஹோப்பி, சூனி முதலிய மக்கள் இன்றும் வாழ்கின்றனர். ஹோப்பி ஊர்களில் படம் எடுக்கவும் ஒலிப்பதிவு செய்யவும் அனுமதி இல்லை. கேமராவை உறையிலிட்டுவிட்டு வெறுங்கண்ணால் பார்க்க வேண்டிய இடமும் ஒரு பயணத்தில் இருக்கட்டும்.

இத்தனையும் அறிந்தபின் ஏழிரவுத் திட்டம் எப்படி அமையும்? ஆர்ச்சஸை மற்றொரு பயணத்துக்கு ஒதுக்கலாம். சயானில் இரண்டு இரவு. ஆண்டின் பெரும்பகுதி அதன் உட்பள்ளத்தாக்குச் சாலையில் சொந்த வண்டிக்கு இடமில்லை, பூங்காவின் ஷட்டில் பேருந்துதான். பிரைஸ், பேஜ், மான்யுமென்ட் வேலி ஆகியவற்றில் ஒவ்வோர் இரவு. கிராண்ட் கேன்யன் தென்விளிம்பில் இரண்டு இரவு. மே மாதத் தொடக்கமோ செப்டம்பர் இறுதி முதல் அக்டோபர் வரையோ ஏற்ற காலம். அறைகளைப் பல மாதங்களுக்கு முன்பே பதிவு செய்ய வேண்டும். வெயில் ஏறுமுன் நடை, நண்பகலில் நிழல், மாலையில் விளிம்பு. இருட்டியபின் சாலையில் மானும் மாடும் குறுக்கே வரும் என்பதால் இரவு ஓட்டம் வேண்டாம். நவஹோ நிலத்தில் அங்குள்ளோரையே வழிகாட்டியாக அமர்த்தி, சாலையோரத்தில் அவர்கள் சுட்டுத் தரும் ரொட்டியை வாங்கி உண்டால் செலவழிக்கும் பணம் அந்நிலத்திலேயே தங்கும். மனிதர்களைப் படமெடுக்குமுன் கேட்க வேண்டும். மறுத்தால் அத்துடன் விட்டுவிட வேண்டும்.

புள்ளிகள் குறைந்தன என்று வருந்துவதற்கு இதில் ஒன்றும் இல்லை. எஞ்சிய ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு காலையும் ஒரு மாலையும் கிடைத்திருக்கின்றன. பாறையின் நிறம் மாறுவதைப் பார்க்க அவ்வளவேனும் வேண்டும்.

மான்யுமென்ட் வேலிக்குச் செல்லும் சாலைகளில் பின்புறத்தில் பெரிய பிளாஸ்டிக் நீர்த்தொட்டி ஏற்றிய பிக்கப் வண்டிகளைக் காணலாம். பொதுக் குழாயில் நிரப்பி வீட்டுக்கு எடுத்துச் செல்வோர் அவர்கள். தொட்டி நிறைந்த வண்டி மெதுவாகத்தான் போகும். அதை முந்திச் செல்ல அவசரப்படுத்தாத அளவுக்கு நாளில் நேரம் விட்டு வைத்த திட்டமே அந்நிலத்துக்கு ஏற்ற திட்டம்.